குழந்தை கைக்கு வரும் நேரத்தில் கோப்பு நின்றால்: ஒரு தத்தெடுப்பு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் தம்பதி ஒரு குறிப்பிட்ட குடும்பம் அல்ல. உள்நாட்டுத் தத்தெடுப்பில் கடைசிக் கட்டத்தில் திரும்பத் திரும்ப முளைக்கும் சிக்கல்களை ஒரே கோப்பில் சேர்த்துக் காட்டியிருக்கிறோம். கெடுக்களும் நடைமுறையும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், அதே மாதம் 23-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட தத்தெடுப்பு விதிமுறைகள் ஆகியவற்றைத் தழுவியவை. சொந்தக்காரர் குழந்தையைத் தத்தெடுப்பது, மாற்றாந்தாயோ மாற்றாந்தந்தையோ தத்தெடுப்பது, வெளிநாட்டுத் தத்தெடுப்பு ஆகியவற்றின் நடைமுறை வேறு. அவற்றுக்குள் இங்கே போகவில்லை.

கோப்பின் பின்னணி

பதிவு செய்த நாளில் கணவருக்கு வயது 42, மனைவிக்கு 40. கூட்டு வயது 82. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தம்பதிக்குக் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது என்பதால் தகுதி உண்டு. பதிவு செய்தபோது குடியிருப்பு பாளையங்கோட்டை. தத்தெடுப்பவரின் வீட்டையும் சூழ்நிலையையும் நேரில் பார்த்து எழுதும் இல்ல ஆய்வை நடத்தியது திருநெல்வேலி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மூன்று ஆண்டு நெருங்கியபோது இல்ல ஆய்வு அறிக்கையைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்த இரண்டாம் மாதம் கணவருக்கு மதுரையில் வேலை கிடைத்து வீடு மாறினார்கள். அதற்குப் பிறகுதான் பரிந்துரை, அதாவது அவர்களுக்கென முன்வைக்கப்பட்ட ஒரு குழந்தையின் விவரம், வந்தது: ஒடிசாவில் ஒரு சிறப்புத் தத்து நிறுவனத்தில் இருக்கும் ஏழு மாதப் பெண் குழந்தை.

இந்த ஒரு பத்தியிலேயே பின்னால் வரப்போகும் தொல்லைகளில் பாதி அடங்கியிருக்கிறது. தத்தெடுப்புக்கான அரசு இணையதளமான கேரிங்ஸ் தளத்தில் பதிவு செய்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புதிதாகப் பதிய வேண்டும் என்பதால் முதல் மாதத்தில் எல்லாரும் ஓடி ஓடி வேலை பார்க்கிறார்கள். அதன்பின் காத்திருப்பு. ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் மூன்று ஆண்டைத் தாண்டுகிறது. இல்ல ஆய்வு அறிக்கைக்கு ஆயுள் மூன்று ஆண்டுதான். ஆக, குழந்தை வரும் வேளையும் காகிதங்கள் காலாவதியாகும் வேளையும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. இது யாருடைய கெட்ட நேரமும் அல்ல, ஏற்பாடே அப்படி அமைந்திருக்கிறது.

எந்தக் கெடு யாருடையது

பரிந்துரை வந்ததும் பெற்றோர் பதறுவது இயல்பு. பதற்றம் குறைய முதலில் செய்ய வேண்டியது, கெடுக்களைப் பிரித்துப் பார்ப்பது. பரிந்துரை வந்த 48 மணி நேரத்துக்குள் குழந்தையைத் தளத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இது முழுக்கப் பெற்றோர் பொறுப்பு. ஒதுக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் தத்தெடுப்புக் குழு பெற்றோரைச் சந்தித்துப் பொருத்தம் பார்த்து முடிக்க வேண்டும். இதில் நிறுவனத்துக்கும் பெற்றோருக்கும் பங்கு உண்டு. ஏற்றுக்கொண்ட 10 நாளுக்குள் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு உறுதிமொழியில் (ஆணை வரும் வரை குழந்தையை வீட்டில் வைத்து வளர்ப்பதற்கானது) கையெழுத்திட்டுக் குழந்தையை அழைத்துச் செல்லலாம். அதே சமயத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாவட்ட ஆட்சியருக்கு மனு போக வேண்டும். அதைச் செய்ய வேண்டியது நிறுவனம். மனு தாக்கலான இரண்டு மாதத்துக்குள் ஆட்சியர் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 61-ஆம் பிரிவு. அது ஆட்சியரின் கெடு.

இந்தப் பிரிவினை தெரியாமல், ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு தங்கிவிட்டதற்குப் பெற்றோர் தூக்கம் தொலைக்கிறார்கள். அந்த நேரத்தில் குழந்தை ஏற்கெனவே அவர்கள் வீட்டில் இருக்கும். ஆணை ஒரு மாதம் தள்ளிப்போனாலும் குழந்தையை யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. உண்மையிலேயே பயப்பட வேண்டிய கெடு முதல் 48 மணி நேரம். மொத்தம் மூன்று பரிந்துரைகள்தாம் கிடைக்கும். பதில் சொல்லாமல் விட்டால் அதில் ஒன்று கழிந்துபோகும்.

இந்தத் தம்பதியின் கோப்பில் முதல் அதிர்ச்சி அங்கேதான். பதிவில் கொடுத்திருந்த கைப்பேசி எண் கணவரின் பழைய அலுவலகம் தந்தது. வேலை மாறியபோது சிம் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மின்னஞ்சல் மனைவியுடையது, அதை அவர் வாரம் ஒருமுறை திறப்பார். குறுஞ்செய்தி யாருக்கும் வராமலேயே 30 மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. திருநெல்வேலி அலகின் சமூகப் பணியாளர் வேறொரு வேலையாகத் தளத்தைப் பார்த்தவர் மனைவியை அழைத்தார்: “மேடம், உங்களுக்கு ரெஃபரல் வந்திருக்கே, பார்க்கலையா? நாளைக்குக் காலையோட முடிஞ்சிடும்.” காத்திருக்கும் பெற்றோர் இரண்டு பேருடைய சொந்த எண்ணும் பதிவில் இருப்பதையும், கடவுச்சொல் இருவருக்கும் தெரிந்திருப்பதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதமிருந்த நேரத்தில் குழந்தை ஆய்வு அறிக்கையையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். பெற்றோர் தாங்கள் நம்பும் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டிக் கருத்துக் கேட்கலாம். விதி அதற்கு இடம் தருகிறது. பிறந்தபோதைய எடை, இப்போதைய எடை, தலைச் சுற்றளவு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி பரிசோதனை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது ஆகியவற்றை மருத்துவர் முதலில் பார்ப்பார். தேதி முக்கியம். பிறந்த சில வாரங்களில் எடுத்த எச்.ஐ.வி. எதிர்ப்புரதப் பரிசோதனை தாயின் உடலிலிருந்து வந்த எதிர்ப்புரதத்தையும் காட்டக்கூடும் என்பதால், பழைய முடிவாக இருந்தால் புதிதாக எடுக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம். நேரம் குறைவு என்று இந்தப் படியைத் தாண்டிப் போவது சரியல்ல. எந்த ஊரிலும் மருத்துவரிடம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்.

முதல் ஆட்சேபம்: மூன்று பெயர் கொண்ட ஒரே பெண்

நிறுவனம் மனுவைத் தயாரிக்கத் தொடங்கியதும் ஒரு தொலைபேசி அழைப்பு. பான் அட்டையில் இருப்பவரும் ஆதாரில் இருப்பவரும் வேறு வேறு ஆள் போலத் தெரிகிறது என்றார்கள். தமிழ்நாட்டுக் கோப்பு வெளி மாநிலத்துக்குப் போகும்போது கிட்டத்தட்ட தவறாமல் வரும் ஆட்சேபம் இது. குடும்பப் பெயர் வழக்கமுள்ள ஊர்க்காரர்களுக்கு நம் இனிஷியல் முறை புரிவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மனைவியின் பெயரை உதாரணமாக எடுத்துக்கொண்டால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’. எஸ் என்பது தந்தை சுப்பையா. பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் ‘கவிதா சுப்பையா’. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் கண்ணன் பெயரோடு ‘கவிதா கண்ணன்’. மூன்றும் அவரவர் நியாயப்படி சரி. ஆனால் ஆட்சியர் அலுவலகத்து எழுத்தருக்கு இவை மூன்று பேர்.

இந்த இடத்தில் பெற்றோர் முதலில் நினைப்பது, ஓடிப்போய் ஆதாரைத் திருத்திவிடலாம் என்பது. அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. கேரிங்ஸ் பதிவு, இல்ல ஆய்வு அறிக்கை, ஒதுக்கீடு எல்லாம் பழைய பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஆதாரை மாற்றினால் மூன்று பெயர் நான்காகும். அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதற்கும் வாரக்கணக்கில் ஆகும், பத்து நாள் கெடுவுக்கு அது உதவாது.

வேலைக்கு ஆகும் வழி, ‘ஒரே நபர்’ பிரமாணப் பத்திரம். இதிலும் மொட்டையாக எழுதுவதால்தான் திரும்பி வருகிறது. “பல்வேறு ஆவணங்களில் என் பெயர் பலவிதமாக உள்ளது” என்று ஒரு வரியில் முடித்தால் போதாது. ஒவ்வொரு ஆவணத்தின் பெயர், எண், அதில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை எழுத்து மாறாமல் எழுத வேண்டும். புள்ளி, இடைவெளி, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. பிறகு, எஸ் என்பது தந்தை பெயரின் முதலெழுத்து, கண்ணன் என்பது கணவர் பெயர், தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை என்று ஒரு விளக்க வரி. கடைசியில், தத்தெடுப்பு ஆணையிலும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் எந்த வடிவம் இடம்பெற வேண்டும் என்று ஒரு வேண்டுகோள். பலரும் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் ஆணையைத் தட்டச்சு செய்பவர் கையில் எது கிடைக்கிறதோ அந்தப் பெயர் விழும், குழந்தையின் பள்ளி, பாஸ்போர்ட் வரை அதுவே தொடரும். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால், பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளதை. இல்லாவிட்டால் ஆதாரில் உள்ளதை.

முத்திரைத்தாள் விஷயத்திலும் சில கண்ணிகள் உண்டு. தாள் பிரமாணம் எடுப்பவர் பெயரில் வாங்கியிருக்க வேண்டும், டைப் அடித்துக் கொடுத்த கடைக்காரர் பெயரில் அல்ல. தாள் விற்ற தேதி கையெழுத்துத் தேதிக்கு முந்தையதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைக் கட்டணம் 2024-இல் கூடியது. வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய 20 ரூபாய்த் தாளில் அடித்துக்கொண்டு போனால் திருப்பிவிடுவார்கள். நோட்டரி கையெழுத்தோடு அவருடைய பதிவு எண், முத்திரை, தேதி மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். குழந்தையை வாங்கும்போது கையெழுத்திடும் உறுதிமொழியைப் பொறுத்தவரை இங்கிருந்து தாள் வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. எங்கே கையெழுத்திடுகிறோமோ அந்த மாநிலத் தாளில் இருப்பதே சிக்கலற்றது. நிறுவனத்திடம் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் அவர்களே வாங்கி வைப்பார்கள்.

இரண்டாவது: கோயில் கல்யாணம்

திருமணம் 2008-இல் கோயிலில் நடந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல்தான் வந்தது. அதற்கு முன் மணமுடித்த ஏராளமானோர் கையில் கோயில் ரசீதும் அழைப்பிதழும் மட்டுமே இருக்கும். இவர்களும் பதிவின்போது கோயில் சான்றைத்தான் ஏற்றியிருந்தார்கள். அப்போது யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒடிசா அலுவலகம் தமிழில் இருந்த அந்தச் சீட்டை ஏற்க மறுத்தது.

இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி பழைய திருமணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். திருமணம் நடந்த இடத்துக்கு உரிய அலுவலகமா, இப்போது குடியிருக்கும் பகுதிக்கு உரியதா, எதில் மனு கொடுக்கலாம் என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அழைப்பிதழ், கோயில் ரசீது, கல்யாணப் போட்டோ, இருவரின் வயது மற்றும் முகவரிச் சான்று, சாட்சிகள், அவர்களின் அடையாள அட்டை ஆகியவை வேண்டும். அழைப்பிதழ் தொலைந்து போனவர்கள்தாம் அதிகம் திண்டாடுவார்கள். அத்தை, மாமா வீட்டுப் பழைய பெட்டியில் ஒன்று கிடைக்கும், கேட்டுப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் வந்ததும் அதில் இரண்டு தேதி இருப்பதைக் கவனிக்க வேண்டும்: திருமணம் நடந்த தேதி, பதிவான தேதி. தத்தெடுக்கும் தம்பதிக்கு இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை இருக்க வேண்டும் என்பது விதி. பதிவுத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லையே என்று இந்தக் கோப்பில் கேள்வி எழுந்தது. சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் திருமணத் தேதியைத் தனி வரியில் எழுதி, முன்னாலேயே பதிவான இல்ல ஆய்வு அறிக்கையில் அந்தத் தேதி எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை உறைக் கடிதத்தில் குறிப்பிட்டதும் ஆட்சேபம் விலகியது.

தமிழில் உள்ள வேறு ஆவணங்களுக்கும் இதே கதிதான். வருமானச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மாமனாரின் இறப்புச் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் வெளி மாநிலக் குழந்தை என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு, நோட்டரி சான்றொப்பம், மூலத்தின் ஜெராக்ஸ் மூன்றையும் ஒன்றாகப் பின் அடித்து வைக்க வேண்டும். தனித்தனியாக இருந்தால் பிரிந்து வேறு கோப்புக்குப் போய்விடும்.

மூன்றாவது: வீடு மாறியது

இது பெற்றோர் தாங்களே தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. ஆதாரில் மதுரை முகவரி, இல்ல ஆய்வு அறிக்கையில் பாளையங்கோட்டை முகவரி, சம்பளச் சீட்டில் புதிய நிறுவனம், ஏற்றியிருந்த வருமானச் சான்றில் பழைய நிறுவனம். இல்ல ஆய்வு என்பது வெறும் முகவரிச் சான்று அல்ல. குழந்தை எந்த வீட்டில், யார் யார் நடுவில், எந்தப் பொருளாதார நிலையில் வளரப் போகிறது என்பதை ஒரு சமூகப் பணியாளர் நேரில் பார்த்து எழுதுவது. வீடும் வேலையும் மாறிவிட்டால் அந்த அறிக்கை வேறொரு வாழ்க்கையைச் சொல்கிறது. ஆட்சியர் அதைக் கேள்வி கேட்பது குழந்தையின் நலனுக்காக, அது முற்றிலும் நியாயமானது.

தீர்வு, புதிய இடத்து மாவட்ட அலகிலிருந்து துணை அறிக்கை. புதிதாக முழு ஆய்வு வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்ள வைக்க, அலகுக்கு எழுதும் கடிதத்தில் என்ன மாறியது, எது மாறவில்லை என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது உதவும். மாறியது: முகவரி, பணியிடம், மாத வருமானம், பக்கத்தில் இருக்கும் உறவினர். மாறாதது: குடும்ப உறுப்பினர், உடல்நலம், தத்தெடுக்கும் காரணம், தங்களுக்கு எதிர்பாராமல் ஏதேனும் நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த உறவினர். வாடகை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு ஆகியவற்றை இணைக்க வேண்டும். சமூகப் பணியாளருக்கு ஒரு மாவட்டம் முழுக்கப் பல பொறுப்புகள். அவரை நாளைக்கே வரச் சொல்லி நெருக்குவதைவிட, கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டு, வீடு பார்க்க எந்த நேரம் வந்தாலும் சரி என்று சொல்வதுதான் பலன் தரும். இந்தக் கோப்பில் அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார்.

நான்காவது: ‘ஃபிட்’ என்ற ஒற்றைச் சொல்

மருத்துவச் சான்றிதழ் மூன்று ஆண்டு பழசு. புதிதாக வாங்கிய சான்றிதழில் மருத்துவர் ‘ஃபிட்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அது வேலையில் சேரக் கொடுக்கும் சான்று போல இருந்ததால் திரும்பி வந்தது. நாள்பட்ட நோய், தொற்று நோய், உயிருக்கு ஆபத்தான நோய் எதுவும் இல்லை, குழந்தையை வளர்க்க உடலும் மனமும் தகுதியாக உள்ளன என்ற பொருளில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். மருத்துவரின் பதிவு எண், தேதி, முத்திரை வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிச் சான்றிதழ்.

நடுவில் மனைவிக்குச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டிருந்தது. மறைத்துவிடலாமா என்ற எண்ணம் இந்த இடத்தில் பலருக்கு வருகிறது, நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சாதாரணம் என்பதால். மறைப்பது தவறு, தேவையும் இல்லை. என்ன மருந்து, கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு எவ்வளவு, கட்டுப்பாட்டில் இருக்கிறது, குழந்தை வளர்ப்புக்குத் தடையாக இல்லை என்று சிகிச்சை தரும் மருத்துவரே எழுதிக் கொடுத்தால் அலுவலகங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. மறைத்தது பின்னால் தெரியவந்தால், கேள்வி சர்க்கரையைப் பற்றி இருக்காது, நம்பகத்தைப் பற்றி இருக்கும்.

குழந்தையின் பக்கத்தில் ஒரு ‘1’

இதுவரை சொன்னவை பெற்றோர் திருத்தக்கூடியவை. இந்தக் கோப்பில் மிகவும் ஆபத்தான பிழை குழந்தையின் ஆவணத்தில் இருந்தது.

கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோர் ஒப்படைத்த குழந்தை, யாருமற்ற குழந்தை, எந்த வகையாக இருந்தாலும் தத்துக்குச் சட்டப்படி தகுதியானது என்று குழந்தைகள் நலக் குழு சான்று தர வேண்டும். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்துக்குள்ளும் அந்த முடிவு எடுக்கப்பட வேண்டும். ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்றால் பெற்ற தாய் தந்தை மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தைக்குப் பிறந்த தேதி தெரியாததால் மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்லும் தேதியே பதிவாகிறது. அந்தத் தேதி குழுவின் சான்று, குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை என மூன்று இடங்களில் வெவ்வேறு கைகளால் எழுதப்படுகிறது.

இங்கே நலக் குழுவின் சான்றில் 14-ஆம் தேதி. மருத்துவ அறிக்கையில் 4-ஆம் தேதி. ஒரு ‘1’ விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆட்சியரின் ஆணையில் எந்தத் தேதி வருகிறதோ அதைவைத்தே பிறப்புச் சான்றிதழ் வரும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் ஆட்சியரிடம் போக வேண்டும், அதுவும் இன்னொரு மாநிலத்தில். ஆணைக்கு முன்னால் பிடித்தால் நிறுவனம் ஒரு கடிதம் எழுதி மருத்துவ அறிக்கையைத் திருத்தி வாங்கினாலே போதும்.

எனவே குழந்தையைப் பார்க்கப் போகும் அன்றே மூன்று ஆவணங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் எழுத்து, பாலினம், பிறந்த தேதி, நிறுவனத்துக்கு வந்த தேதி, உடல் அடையாளம் ஐந்தையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். குழந்தையைக் கையில் வாங்கிய பிறகு யாருக்கும் காகிதத்தைப் பார்க்க மனம் வராது. அதனால் காகிதம் முதலில். பிழை கண்டால் பேனாவால் அடித்துத் திருத்தச் சொல்லக் கூடாது. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். எழுதிய அலுவலகமே தேதியோடு திருத்தக் குறிப்பு தர வேண்டும். கேரிங்ஸ் தளத்தில் ஏற்றப்பட்ட பிரதியும் மாற வேண்டும் என்பதை நிறுவனத்துக்கு நினைவூட்ட வேண்டும். இதைச் செய்ய இரண்டு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் தங்கிவிடுவதே நல்லது.

ஊர் திரும்பும் வழியில்

குழந்தையை வாங்கிக்கொண்டு புவனேஸ்வரத்திலிருந்து புறப்படும்போது கையில் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. விமானத்தில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயதுச் சான்று கேட்பார்கள். வளர்ப்புப் பராமரிப்பு உறுதிமொழியின் பிரதி, பிறந்த தேதியும் குழந்தையின் புகைப்படமும் உள்ள நிறுவனக் கடிதம், பெற்றோர் அடையாள அட்டை இவை மூன்றையும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. கடிதம் நிறுவனத்தின் தாளில், கையெழுத்து முத்திரையோடு இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் இந்த ஆவணங்கள் போதுமா என்று எழுத்தில் கேட்டு வைப்பது பாதுகாப்பு. ரயில் என்றால் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். ஆனால் வழியில் யாராவது கேள்வி கேட்டால் காட்ட இதே காகிதங்கள் உதவும். முகச்சாயல் பொருந்தாத கைக்குழந்தையோடு நீண்ட தூரம் போகிறவர்களை ரயில்வே காவலர்கள் விசாரிப்பது குழந்தைக் கடத்தலைத் தடுக்கத்தான். கோபப்படாமல் எடுத்துக் காட்டினால் முடிந்துவிடும்.

அலுவலகத்தில் விடுப்புக்கும் இதே உறுதிமொழிதான் ஆதாரம். தத்தெடுத்த தாய்க்கான மகப்பேறு விடுப்பைச் சட்டம் குழந்தை ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுகிறது, ஆணை வந்த நாளிலிருந்து அல்ல. தத்து நிறுவனத்தின் கடிதத்தில் ஒப்படைத்த தேதி தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். மனிதவளப் பிரிவு “கோர்ட் ஆர்டர் எங்கே?” என்று கேட்டால், 2022 முதல் தத்தெடுப்பு ஆணையை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். பழைய நடைமுறை பலர் மனதில் இன்னும் ஊறிக் கிடக்கிறது.

ஆட்சியர் அலுவலகத்தில்

மனு போன பிறகு ஆறு வாரமாக எந்தத் தகவலும் இல்லை. ஆட்சியர் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்து பொறுப்பேற்றார். இப்படிப்பட்ட நேரத்தில் பெற்றோர் நேராக ஆட்சியருக்கு மனு மேல் மனுவாக அனுப்புவது வழக்கம். அது கோப்பை நகர்த்துவதில்லை. மனுதாரர் நிறுவனம் என்பதால் நிறுவனம்தான் கேட்க வேண்டும். ஒழுங்கு இப்படி: முதலில் நிறுவனத்திடம் மனு எண்ணும் தாக்கலான தேதியும் கேட்டு வாங்க வேண்டும். பிறகு அந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம், கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று நிறுவனம் வழியாக விசாரிக்க வேண்டும். இரண்டு மாதக் கெடு தாண்டினால் மாநிலத் தத்தெடுப்பு வள முகமைக்கும் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்துக்கும் மின்னஞ்சல். மின்னஞ்சலில் புலம்பல் வேண்டாம். பதிவு எண், மனுத் தேதி, கெடு முடிந்த தேதி, கேட்கும் உதவி நான்கு வரியில்.

விசாரணை மூடிய அறையில் நடக்கும். பெற்றோர் நேரில் வர வேண்டுமா, காணொலியில் போதுமா என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஆட்சியர் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: இது குழந்தையின் நலனுக்கு ஏற்றதா, தத்துக்காக யாரும் பணம் கொடுக்கவோ வாங்கவோ இல்லையா, பெற்றோர் முழு மனதோடு இருக்கிறார்களா. பணம் பற்றிய கேள்விக்கு விதிப்படியான கட்டணம் தவிர வேறு எதுவும் இல்லை என்று ரசீதோடு சொல்ல முடிய வேண்டும். நன்கொடை என்ற பெயரில் நிறுவனத்துக்கு ஒரு தொட்டில்கூட வாங்கித் தரக் கூடாது.

காகிதம் நிற்கும் வாரங்களில்தான் இடைத்தரகர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். “கொஞ்சம் செலவு பண்ணுனா ரெண்டே நாள்ல ஆர்டர்” என்பார்கள். இன்னும் மோசமாக, “இந்த அலைச்சல் எதுக்கு, ஆஸ்பத்திரியிலிருந்தே குழந்தை வாங்கித் தர்றேன், உங்க பேர்லயே பர்த் சர்டிபிகேட்” என்பார்கள். 2019-இல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கு இப்படிப்பட்ட பேச்சின் முடிவு என்ன என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது. விதிமுறையை மீறித் தத்தெடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. குழந்தையை விற்றாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். தண்டனையைவிடப் பெரிய இழப்பு, வளர்த்த குழந்தையை ஒரு நாள் திருப்பிக் கொடுக்க நேர்வது.

ஆணை வந்த பின்

ஆணையின் சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் முதல் வேலை எழுத்துக்கு எழுத்து வாசிப்பது. இந்தக் கோப்பில் கணவரின் ஆங்கிலப் பெயரில் ‘என்’ எழுத்து ஒன்று குறைந்திருந்தது. அன்றே நிறுவனம் வழியாகத் திருத்தம் கேட்டதால், பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே திருத்திய நகல் வந்தது. சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்கி வைக்க வேண்டும்: ஒன்று பிறப்புச் சான்றிதழுக்கு, ஒன்று பாஸ்போர்ட் மாதிரித் தேவைகளுக்கு, ஒன்று வீட்டில் யாருக்கும் கொடுக்காமல்.

பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது நிறுவனத்தின் கடமை. தத்தெடுத்த பெற்றோரே பெற்றோர் என்று அதில் வரும். சில உள்ளாட்சி அலுவலகங்களில் “பிறந்த ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இல்லாமல் எப்படி?” என்று நிறுத்துவார்கள். 2023-இல் திருத்தப்பட்டு அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் தத்தெடுக்கப்பட்ட, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளின் பதிவுக்கு வழி செய்திருக்கிறது என்பதை நிறுவனம் கடிதத்தில் மேற்கோள் காட்டலாம். சான்றிதழில் ‘தத்து’ என்ற சொல் எங்கேயாவது அச்சாகியிருந்தால் ஏற்றுக்கொள்ளாமல் திருத்தச் சொல்ல வேண்டும். அந்தத் தகவலை யாரிடம், எப்போது சொல்வது என்பது வளர்ந்த பிறகு குழந்தைக்கு உரிய உரிமை, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஒட்டிக்கொண்டு அலைய வேண்டியதல்ல.

பிறப்புச் சான்றிதழ் வந்ததும் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான ஆதாரை எடுக்கலாம். கைரேகை வேண்டாம், பெற்றோரில் ஒருவரின் ஆதார் போதும். அதற்கு முன்னதாக எடுத்தால் நிறுவனம் வைத்த பெயரில் ஆதார் வந்து, பிறகு அதை மாற்ற இன்னொரு சுற்று. தடுப்பூசி அட்டையிலும் பழைய பெயர் இருக்கும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஆணையின் நகலைக் காட்டிப் புதிய அட்டை கேட்கலாம், ஆனால் பழைய அட்டையைத் தூக்கி எறியக் கூடாது, போட்ட ஊசிகளின் தேதி அதில்தான் இருக்கிறது.

குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். மதுரை அலகுக்கு இந்தக் கோப்பு மாற்றப்பட்டது என்பதற்கான எழுத்துப்பூர்வ உறுதியைத் தம்பதி கேட்டு வாங்கினார்கள். அது இல்லாமல் பாளையங்கோட்டை முகவரிக்குக் கடிதம் போய்த் திரும்பி வந்து, ‘பெற்றோரைக் காணவில்லை’ என்று பதிவாகும் கோப்புகளும் உண்டு. முதல் பார்வை ஆறாவது மாதம். அதற்கு வேண்டியது குழந்தையின் எடை, உயரம், தடுப்பூசி அட்டை, சமீபத்துப் புகைப்படம்.